மைலேஜ் சொல்லும் டிரைவருக்கே முதல் போன்
கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன்மலை வரை: கார் ஓட்டிச் சம்பாதிப்பவர்களுக்கு 12 பாடங்கள்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. கலெக்டர் ஆபீஸ் வந்தது. அதைச் சுற்றி மற்ற ஆபீஸ்களும் வந்தன. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க, தைவானின் போ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ரூ.2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்பது அந்தத் திட்டம். இப்படி ஆபீஸும் ஆலையும் வரும் இடத்தில் கார் ஓட்டும் வேலையும் கூடும்.

ஆனால் போட்டியும் கூடுகிறது. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் அதே லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. உங்கள் தெருவில் லைசென்ஸ் எடுத்த ஒவ்வொரு பையனும் இனி உங்களுக்குப் போட்டி. "எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். "இந்த வண்டியில் நான் லிட்டருக்கு இவ்வளவு எடுப்பேன், இதோ நோட்டு" என்று சொல்பவர் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவராக இருங்கள்.

டாக்ஸி டிரைவர், ஆக்டிங் டிரைவர், சொந்தக் காரில் சுற்றும் மெடிக்கல் ரெப், விதை கம்பெனி சேல்ஸ் ஆபீசர், ஃபைனான்ஸ் கம்பெனி ஃபீல்டு ஸ்டாஃப் என்று கார் ஓட்டிப் பிழைக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 எடுப்பவருக்கு 167 லிட்டர் வேண்டும். 18 எடுப்பவருக்கு 139 லிட்டர் போதும். வித்தியாசம் மாதம் சுமார் 2,800 ரூபாய், வருடத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல். வண்டி ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான். மாறியது ஓட்டுகிற ஆள்.

இனி பாடங்கள்.

1. கம்பெனி எண்ணை விடுங்கள், உங்கள் எண்ணைப் பிடியுங்கள்

விளம்பரத்தில் வரும் மைலேஜ், அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் மையத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி ஓட்டி எடுத்த எண். ஏறத்தாழ 20 நிமிடம்தான் டெஸ்ட். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏ.சி. ஓடாது. எதிர்க்காற்று, பள்ளம், மேடு, குறுக்கே வரும் ஆடு எதுவும் கிடையாது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டு வாங்குவதற்கு அந்த எண் உதவும். கச்சிராயபாளையம் ரோட்டில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லாது.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி டேங்க் ஃபுல் முறை. பங்க்கில் நாசில் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, முடிந்தால் அதே பங்க்கில், அதே பம்பில், தானாக நிற்கும்வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு முறை போட்ட கணக்கை நம்பாதீர்கள். மூன்று முறை போட்டுச் சராசரி எடுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண் ஒரு மதிப்பீடுதான். ஓனரிடம் பில்லோடு பேசுங்கள்.

ஹைவே ட்ரிப், ஊருக்குள் ட்ரிப், மலை ட்ரிப் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றாகக் கலந்த சராசரியில் எந்தப் பழக்கம் பணத்தைத் தின்கிறது என்பது தெரியாது.

2. பெரிய ஓட்டையை முதலில் அடையுங்கள்

பலர் சின்ன விஷயத்தில் நேரத்தை விட்டு, பெரிய விஷயத்தைக் கவனிப்பதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை பல வருடங்களாகச் சோதித்து வெளியிடும் எண்களைப் பாருங்கள். முரட்டுத்தனமாக ஓட்டினால் ஹைவே வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் மைலேஜ் போகும். நின்று நின்று போகும் டிராஃபிக்கில் 10 முதல் 40 சதவீதம்வரை போகும். கடும் வெயிலில் ஏ.சி. 25 சதவீதத்துக்கு மேல் இழுக்கலாம். கூரைமேல் பெரிய பெட்டி இருந்தால் ஹைவேயில் 6 முதல் 17 சதவீதம் போகும். 45 கிலோ கூடுதல் எடைக்கு 1 சதவீதம். டயரில் 1 பி.எஸ்.ஐ. காற்று குறைந்தால் 0.2 சதவீதம்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். முதலில் கால், பிறகு வேகம், ஏ.சி., கூரை, எடை, டயர். வொர்க்‌ஷாப்பில் பணத்தைக் கொட்டும் முன் ஓட்டும் முறையைத் திருத்துங்கள். பெரிய லாபம் அங்கேதான், செலவும் கிடையாது.

3. பிரேக்கைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கணக்கு வையுங்கள்

பெட்ரோலை எரித்துத்தான் வண்டி வேகம் எடுக்கிறது. பிரேக் போட்டால் அந்த வேகம் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. ஆகவே, குறைவாக பிரேக் போடும்படி ஓட்டுபவரே நல்ல டிரைவர். அதற்கு ஒரே வழி தூரத்தைப் பார்ப்பது. முன்னால் போகும் வண்டியின் பம்பரைப் பார்க்காதீர்கள். அதற்கும் முன்னால் போகிற மூன்றாவது, நான்காவது வண்டியைப் பாருங்கள்.

கரும்பு வெட்டுக் காலத்தில் இந்தப் பழக்கம் நேரடியாகப் பணம் தரும். கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை கச்சிராயபாளையத்தில் இருக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போகும் அதே ரோட்டில்தான் நீங்களும் கல்வராயன்மலையில் உள்ள வெள்ளிமலைக்குப் போகிறீர்கள். டிராக்டரின் வால் வரை வேகமாகப் போய், பிரேக் அடித்து, எதிரில் வண்டி வர, மறுபடி இரண்டாவது கியரில் இழுத்து ஓவர்டேக் செய்பவர் ஒரே இடத்தில் மூன்று முறை பெட்ரோலை வீணாக்குகிறார். 200 மீட்டருக்கு முன்பே காலை எடுங்கள். வண்டி தானாக வேகம் குறையட்டும். எதிர்ப்பக்கம் காலியானதும் மூன்றாவது கியரிலேயே சீராகத் தாண்டுங்கள். பின்சீட்டில் இருக்கும் பயணிக்குத் தலை ஆடாது. அடுத்த ட்ரிப்புக்கு உங்கள் நம்பரைக் கேட்டு வாங்குவார்.

கியரைச் சீக்கிரம் மாற்றுங்கள். சமதளத்தில் பெட்ரோல் காரில் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.முக்குள்ளும், டீசலில் 1,500 முதல் 2,000-க்குள்ளும் மேல் கியருக்குப் போய்விடலாம். எஞ்சின் உதறினால் கீழே இறக்குங்கள். உதறலோடு இழுப்பது சிக்கனம் ஆகாது.

4. ஹைவேயில் 80-க்கும் 100-க்கும் உள்ள விலையை அறியுங்கள்

சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை 79 அகலமாக இருக்கிறது, கால் தானாக அழுந்தும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடுகிறது. 90 கிலோமீட்டர் ஓட்டத்தில் நீங்கள் மிச்சம் பிடிப்பது தடையே இல்லாவிட்டாலும் 13, 14 நிமிடம். சின்னசேலம், தியாகதுருகம் பக்கம் ஒரு லாரி குறுக்கே வந்தால் அதுவும் போயிற்று.

பயணிக்கு ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டும் என்றால் வேகம் தேவைதான், சட்ட வரம்புக்குள் ஓட்டுங்கள். இல்லையென்றால் 75-லிருந்து 80-க்குள் சீராகப் பிடியுங்கள். காலி வண்டியோடு திரும்பும்போது கட்டாயம் இந்த வேகம்தான். அந்தக் கிலோமீட்டருக்கு உங்களுக்கு யாரும் காசு தருவதில்லை.

5. நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிட மோசம்

நின்றுகொண்டே எஞ்சின் ஓடினால் மைலேஜ் பூஜ்ஜியம். ஏ.சி.யும் சேர்ந்து ஓடினால், காரைப் பொறுத்து மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை குடிக்கும். ஆஸ்பத்திரி வாசலிலோ கலெக்டர் ஆபீஸ் வாசலிலோ 40 நிமிடம் ஏ.சி. போட்டுக் காத்திருந்தால், ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் ஓடியிருக்கக்கூடிய எரிபொருள் காலி. அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் ஆஃப் செய்யுங்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்ய மிகக் கொஞ்சம் எரிபொருளே போதும்.

காத்திருக்கும் நேரத்தில் நிழல் தேடி நிறுத்துங்கள். புளியமர நிழலில் நின்ற காரைக் குளிராக்க ஏ.சி. படும் பாடு, வெயிலில் நின்ற காரைவிடக் குறைவு. ஊருக்குள் ஊரும்போது கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டாதீர்கள். மைலேஜும் போகும், கிளட்ச் பிளேட்டும் போகும். இரண்டுக்கும் ஓனர் உங்கள் பேரைத்தான் சொல்வார்.

6. மலை ஏறும் கணக்கைக் கையில் வைத்திருங்கள்

கல்வராயன்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஏறி வெள்ளிமலைக்குப் போகிறோம். இந்த ஏற்றத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லும்.

ஐந்து பேரோடு ஒரு சின்ன செடான் கார் சுமார் 1,250 கிலோ. அதை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 7.4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மீதி சூடாகப் போகிறது. ஆக, தூரத்துக்கு ஆகும் பெட்ரோலோடு, உயரத்துக்கு மட்டும் தனியாக ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இன்னோவா, பொலீரோ போன்ற கனமான வண்டியில் எடைக்கு ஏற்ப இது கூடும்.

இந்த ஒரு எண் தெரிந்தால் வாடகை பேசும்போது தடுமாற மாட்டீர்கள். "மலை ஏறணும், பார்த்துக் குடுங்க" என்று கெஞ்ச வேண்டாம். "ஏத்தத்துக்கு ஒரு லிட்டர் கூட ஆகும் சார், அதைத்தான் ஹில் சார்ஜில் போட்டிருக்கேன்" என்று நேராகச் சொல்லலாம். காரணத்தோடு சொல்லும் ரேட்டை யாரும் சட்டென்று குறைத்துக் கேட்பதில்லை.

ஏறும்போது மூன்று விதிகள். ஒன்று, வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவின் நடுவில் குறைத்தால் ஓடி வந்த வேகம் வீணாகும். இரண்டு, மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்காதீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் பலத்தை இழக்கும். மூன்று, வெள்ளிமலைக்கு மேலே குளிர்காற்று வரும்போது ஏ.சி.யை அணையுங்கள். ஏற்றத்தில் எஞ்சினுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

7. இறக்கத்தில் நியூட்ரல் போடுவது சிக்கனம் அல்ல

ஏற்றத்தில் செலவழித்த பெட்ரோல் மலை வாங்கி வைத்துக்கொண்ட டெபாசிட். இறங்கும்போது அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க முடியும், வழி தெரிந்திருக்க வேண்டும்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா எண்ணெயே செலவாகாது தம்பி" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் எரிபொருளை முழுவதும் நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் தேவை. ஆக, நியூட்ரலில்தான் செலவு.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உயிர். நியூட்ரலில் எஞ்சின் பிரேக் கிடையாது. முழுப் பாரமும் பிரேக் பேடு மேல் விழும். தொடர்ந்து அழுத்தினால் பேடு சூடேறி, கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இரண்டாவது அல்லது மூன்றாவது. தேவையான இடத்தில் மட்டும் அழுத்தமாக பிரேக் போட்டு விடுங்கள். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது சட்டப்படியும் கடமை. ஏறுகிற வண்டி நடுவில் நின்றால் மறுபடி கிளம்ப அதிகம் எரியும். நீங்கள் நின்றால் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

மலை ட்ரிப்பை எஞ்சின் பிரேக்கில் இறக்கத் தெரிந்த டிரைவரை ஓனர்கள் தேடிப் பிடிப்பார்கள். பிரேக் பேடு செலவு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

8. ஏ.சி.யை நிர்வாகம் செய்யுங்கள்

பயணி இருக்கும்போது ஏ.சி.யில் கஞ்சத்தனம் வேண்டாம். அவர் கொடுக்கும் பணத்தில் அதுவும் சேர்த்தி. வியர்த்து இறங்குகிற கஸ்டமர் திரும்ப வரமாட்டார். மிச்சம் பிடிக்க வேண்டியது முறையில். வெயிலில் நின்ற காரை எடுத்ததும் முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள், சூடான காற்று வெளியேறட்டும். பிறகு ஏ.சி. போட்டு, உள்காற்றே சுற்றும் பட்டனை அழுத்துங்கள். குளிர் வந்ததும் ஃபேனைக் குறையுங்கள்.

தனியாக ஓட்டும்போது, ஊருக்குள் மெதுவாகப் போனால் கண்ணாடியை இறக்குவது லாபம். ஹைவேயில் 80-ல் போகும்போது திறந்த கண்ணாடி காற்றைப் பிடித்து இழுக்கும். அங்கே ஏற்றிவிட்டு ஏ.சி.யைக் குறைவாக வையுங்கள்.

9. கூரையையும் டிக்கியையும் காலி செய்யுங்கள்

சபரிமலை சீசனுக்குப் போட்ட கேரியர் சித்திரை வரை கூரையிலேயே இருக்கும். வெறும் கேரியரும் காற்றை இழுக்கும். லோடு இல்லாத நாளில் கழற்றி வீட்டில் வையுங்கள். கழற்றும் வேலை கால் மணி நேரம், லாபம் ஒவ்வொரு ஹைவே கிலோமீட்டருக்கும். சாமானைக் கூரையில் ஏற்றுவதா டிக்கியில் வைப்பதா என்று வந்தால், இடம் இருக்கும்வரை டிக்கிதான்.

ரெப்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்று மாதப் பழைய சாம்பிள், திருப்பி அனுப்ப வேண்டிய மூட்டை, பேனர் கம்பி எல்லாம் டிக்கியில் கிடக்கும். சனிக்கிழமைதோறும் இறக்குங்கள். மலைக்குப் போகும் நாளில் ஒவ்வொரு கிலோவும் 600 மீட்டர் தூக்கப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் மூன்றும் வண்டியில் கட்டாயம் இருக்கட்டும். அந்த எடை பாதுகாப்புக்கானது.

10. வொர்க்‌ஷாப் கட்டுக்கதைகளை நம்பாதீர்கள்

"ஏர் ஃபில்டர் மாத்துங்க, மைலேஜ் எகிறும்" என்பார்கள். கார்புரேட்டர் வண்டியில் உண்மை. இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் அடைத்த ஃபில்டர் பிக்கப்பைக் குறைக்கும், மைலேஜைப் பெரிதாகத் தொடாது. மண்ரோட்டில் ஓடும் வண்டிக்கு எஞ்சினைக் காப்பாற்ற ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். மைலேஜுக்காக எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. எஞ்சின் லைட் எரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஆக்ஸிஜன் சென்சார் போன்ற பெரிய கோளாறைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம்வரை கூடலாம் என்கிறது அதே அமெரிக்க எரிசக்தித் துறை. ஆயில் கிரேடு மேனுவலில் சொன்னதே இருக்கட்டும், தவறான கிரேடு 1 முதல் 2 சதவீதம் தின்னும். மலை ட்ரிப் முடிந்து சமதளத்தில் கொஞ்ச தூரம் வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. உடனே காட்டுங்கள்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடேறும் முன் பாருங்கள். டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவே சரி. ஐந்து பேர் ஏறும் நாளுக்கு அதிலேயே தனி அளவு இருக்கும். 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் 1 சதவீதம்தான் போகும். ஆனால் டயர் ஓரம் தேயும், வெயிலில் வெடிக்கும் அபாயமும் கூடும். அழகுக்காக அகலமான டயர், பெரிய அலாய் போடாதீர்கள். எடையும் உரசலும் கூடும். டயர் சுற்றளவு மாறினால் ஓடோமீட்டரும் தப்பாகக் காட்டும். உங்கள் மைலேஜ் கணக்கே கெட்டுவிடும்.

11. டேங்க்கில் என்ன ஊற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2025 முதல் நாடு முழுவதும் பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-இல் வந்த நிதி ஆயோக் திட்ட அறிக்கையே இந்த இழப்பைச் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும். இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ட்யூன் செய்தவற்றில் 1 முதல் 2 சதவீதம் குறையும்.

இதில் உங்களுக்கு இரண்டு பாடம். பழைய கார் வைத்திருப்பவர், இரண்டு வருடத்துக்கு முந்தைய மைலேஜை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு மெக்கானிக்கோடு சண்டை போட வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர், கார் இ20-க்கு ஏற்றதா என்பதை மேனுவலிலும் டேங்க் மூடி ஸ்டிக்கரிலும் பாருங்கள். எத்தனால் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது, இரண்டும் நம் மாவட்டத்துப் பயிர். விவசாயிக்கு வரும் வருமானத்தில் இந்த மாவட்டத்தின் வாடகை ட்ரிப்பும் இருக்கிறது. ஆகவே புலம்பலை விட்டு, புதிய எண்ணை வைத்து ரேட் போடுங்கள்.

பங்க்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சத்தம் போடாமல், மரியாதையாகக் கேளுங்கள்.

வண்டியே புதிதாக வாங்கப் போகிறீர்களா? உங்கள் ஓட்டத்தைப் பார்த்து முடிவெடுங்கள். சென்னை, பெங்களூர் என்று மாதம் முழுக்க ஹைவே ஓட்டமும் பெரிய வண்டியும் என்றால் டீசல் சரி. ஊருக்குள் மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று ஓடுபவருக்கு 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் தலைவலி. புகை வடிகட்டியில் கரி சேரும். அதை எரித்துச் சுத்தம் செய்யவே தனியாக டீசல் செலவாகும். சி.என்.ஜி. வாங்குமுன் உங்கள் வழக்கமான ரூட்டில் பங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

12. எண்ணை வேலையாக மாற்றுங்கள்

இதுவரை சொன்னது மிச்சம் பிடிக்கும் வழி. இனி அதை வருமானமாக்கும் வழி.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, ஓடோமீட்டர், போட்ட லிட்டர், ரூட், எத்தனை பேர் என்று ஐந்தே கட்டம். பில்லைப் பின் குத்தி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். மூன்று மாத நோட்டு ஓர் அனுபவச் சான்றிதழ்.

புது ஓனரிடம் வேலை கேட்கப் போகிறீர்கள். "வண்டி என்ன குடுக்குது?" என்று அவர் கேட்பார். "நல்லாக் குடுக்குதுண்ணே" என்பது பதில் இல்லை. "ஹைவேல 80-ல ஓட்டினா 20 வருதுண்ணே. டவுனுக்குள்ள 14. வெள்ளிமலை போய் வந்தா 15. நோட்டு இருக்கு, பாருங்க" என்று உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் மற்ற பத்துப் பேரிலிருந்து நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். எரிபொருள் திருடாத ஆள் என்பதும் கேட்காமலே நிரூபணம் ஆகிவிடும்.

மூன்று மாதம் கழித்துப் பேச்சை நீங்களே எடுங்கள். "அண்ணே, நான் வந்ததுக்கப்புறம் மாசம் இவ்வளவு லிட்டர் குறைஞ்சிருக்கு. அதுல பாதியை பேட்டால சேர்த்துக் குடுங்க." நியாயமான கோரிக்கை. மீதிப் பாதி அவருக்கு லாபம் என்பதால் கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை.

ரெப்பாகவோ ஃபீல்டு ஸ்டாஃபாகவோ இருந்தால் கணக்கு இன்னும் நேரடியானது. கம்பெனி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிலையான அலவன்ஸ் கொடுத்தால், மைலேஜ் வித்தியாசம் முழுக்க உங்கள் பாக்கெட்டுக்கு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவர் 15-லிருந்து 18-க்கு ஏறினால், லிட்டர் 100 ரூபாய் விலையில் 1,600 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ரூட் பிளானும் மைலேஜ்தான். சங்கராபுரம் ஒரு நாள், திருக்கோவிலூர் ஒரு நாள், மலை கிராமங்கள் ஒரு நாள் என்று பிரித்தால், ஒரே ரோட்டில் இரண்டு முறை போக வேண்டாம். ரிவ்யூ மீட்டிங்கில் "டிராவல் காஸ்ட் குறைத்தேன்" என்று எண்ணோடு சொல்பவரின் பெயர் மேனேஜர் மனதில் நிற்கும்.

முதல் 30 நாளுக்கு ஒரு திட்டம்

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள். டேங்க் ஃபுல் செய்து, இப்போதைய எண்ணை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது வாரம்: கேரியர், டிக்கி, டயர் காற்று. ஒரே நாளில் முடியும் வேலை.

மூன்றாவது வாரம்: ஹைவேயில் 80, நிற்கும்போது எஞ்சின் ஆஃப், தூரத்தைப் பார்த்து ஓட்டுவது. இந்த மூன்றை மட்டும் பழகுங்கள்.

நான்காவது வாரம்: ஒரு மலை ட்ரிப்பை முழுக்கக் கியரில் இறக்கிப் பாருங்கள். மறுபடி டேங்க் ஃபுல் செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள்.

பெட்ரோல் விலை உங்கள் கையில் இல்லை. ரோடு உங்கள் கையில் இல்லை. கல்வராயன்மலையின் உயரமும் குறையப் போவதில்லை. வலது காலும் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் உங்கள் கையில் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒழுங்காகப் பயன்படுத்தும் டிரைவருக்கு வேலை கேட்டு அலைய வேண்டிய தேவை வராது. இன்று மாலை பங்க்குக்குப் போங்கள். டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, முதல் வரியை எழுதுங்கள்.